என் போனுக்கு வந்த அவள் பணம்

என் வாயைப் பற்றி இந்தப் பாலக்காட்டு முதலமடையில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். மாங்காய் வியாபாரியை லோடு லாரிக்கு முன்னால் நிறுத்தி வைத்து, "உங்க தராசுல ஏறி நீங்களே நின்னு பாருங்க, உங்க எடையே சரியாக் காட்டாது" என்று சொன்ன பொம்பளை நான். என் வீட்டுக்காரர் சாது. மரத்துக்கு மருந்தடிப்பார், தண்ணி கட்டுவார், பூவைப் பார்த்தே காய்ப்பைச் சொல்லிவிடுவார். ஆனால் பணம், பேச்சு என்று வந்தால், "அவளைக் கேட்டுக்குங்க" என்று ஒதுங்கிவிடுவார். அதனால் தோப்புக் கணக்கு முழுவதும் என் கையில். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. உண்டு என்ன, இதை எழுத உட்காரும்போது கூட அது எட்டிப் பார்க்கிறது. சீ, என்ன பிறவி இது.

முன்பெல்லாம் வியாபாரி துணிப்பையில் நோட்டுக்கட்டோடு வருவார். வீட்டு வாசலில் உட்கார்ந்து எண்ணிக் கொடுப்பார், அதிலிருந்து நான் கூலி கொடுப்பேன். இப்போது எல்லாம் மாறிவிட்டது. "போட்டாச்சுங்க, பாத்துக்குங்க" என்று ஒரு போன். பணம் வங்கிக்கு வந்துவிடும், கைக்கு வராது. கூலிக்கு ரொக்கம் வேண்டுமென்றால் கொல்லங்கோட்டு ஏடிஎம்முக்குப் போக வேண்டும். போனால் பாதி நாள் அதில் பணம் இருக்காது. ஆகவே நானும் போனிலேயே கூலி போடப் பழகினேன். பழகினேன் என்றால், ஊருக்கே சொல்லிக் கொடுக்கிற அளவுக்குப் பழகினேன்.

எங்கள் தோப்பில் காவலுக்கு ஒரு தம்பதி இருக்கிறார்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்கள். அங்கேயும் மாங்காய்தான் என்பதால் வேலை தெரிந்தவர்கள். தோப்பு நடுவில் மோட்டார் ரூமை ஒட்டிய ஓட்டுச் சாய்ப்பில் குடியிருக்கிறார்கள். அவன் ராத்திரிக் காவல். அவள் களை எடுப்பாள், தண்ணி பாய்ச்சுவாள், சீசனில் பேக்கிங் ஷெட்டில் காய் தரம் பிரிப்பாள். இருவர் கூலியையும் சேர்த்து அவன் போன் நம்பருக்கு மாதம் ஒருமுறை அனுப்புவேன். எனக்கு ஒரே அமுக்கு. அது இரண்டு பேருடைய உழைப்பு என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

வந்த முதல் வருடத்தில் ஒரு மத்தியானம் அவள் சமையல்கட்டுப் பின்வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒன்னு கேட்டா கோவிச்சிக்க மாட்டீங்களே?"

"கோவிக்கறதெல்லாம் கேட்டதுக்கப்பறம் பாத்துக்கலாம். சொல்லு அம்மிணி."

"என் கூலிய மட்டும் தனியா போட முடியுமாக்கா? எனக்குன்னு ஒரு கணக்குல."

அவளுக்கு ஒரு மகள். ஊரில் தங்கச்சி வீட்டில் தங்கிப் படித்துக் கொண்டிருந்தது. அந்தப் பெண்ணுக்கு நர்சிங் படிக்க வேண்டும் என்று ஆசை. பெண்ணை விடத் தாய்க்கு ஆசை. பன்னிரண்டாவது முடிக்கிற நேரத்தில் கையில் பணம் இருக்க வேண்டும் என்றாள்.

"அவரு கெட்டவரு இல்லக்கா. குடிக்க மாட்டாரு, அடிக்க மாட்டாரு. ஆனா கையில காசு நிக்காது. மனசுல ஒன்னு வந்துச்சின்னா அன்னிக்கே வாங்கிடணும். எம் பணம் ஊருக்குப் போவுது, தங்கச்சி ஊட்டுச் செலவுக்கு ஆவுதுன்னு அவருகிட்ட சொல்லிக்கறேன். சேத்து வெக்கறது மட்டும் தெரியக் கூடாது. நீங்களும்..."

"நான் எதுக்குடி சொல்லப் போறேன்? எனக்கு வேற பொழப்பில்லையா?" என்றேன்.

அந்த வாக்கியத்தை நான் சொன்னபோது கையில் கரண்டி இருந்தது, அடுப்பில் புளிக்குழம்பு கொதித்தது. எல்லாம் ஞாபகம் இருக்கிறது. மறந்துபோனால் நன்றாக இருக்கும்.

அடுத்த வாரம் வங்கிக்குக் கூட்டிப் போனேன். அவளுக்கு மலையாளம் வராது, இங்கிலீஷும் வராது. எழுத்துக் கூட்டித் தமிழ் வாசிப்பாள், எண்கள் நன்றாகத் தெரியும். கவுண்டரில் சின்ன வயதுப் பெண் ஒருத்தி. விலாசம் கேட்டாள், என் வீட்டு விலாசம் கொடுத்தேன். போன் நம்பர் கேட்டாள். இவளிடம் போன் இல்லை. புருஷன் நம்பரைக் கொடுத்தால் வந்த காரியமே பாழ்.

எங்கள் பக்கத்துத் தோப்புகளில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியூரிலிருந்து காவலுக்கு வருகிறவர்களுக்கு எதற்கெடுத்தாலும் தோப்புக்காரர் வீட்டு விலாசம், தோப்புக்காரர் வீட்டு நம்பர். கேஸ் சிலிண்டருக்கும் அதுதான், ஆஸ்பத்திரிச் சீட்டுக்கும் அதுதான். யாரும் அதை ஒரு விஷயமாக நினைப்பதில்லை. "என்ற நம்பரப் போடுங்க" என்றேன்.

அந்தப் பெண் பேனாவை நிறுத்தினாள். "அது வேண்டா சேச்சி. இவர்க்கு ஒரு சிம் எடுத்துக் கொடுத்தூடே?" என்று கேட்டாள், இவளுக்கே ஒரு சிம் வாங்கிக் கொடுக்கக் கூடாதா என்று. கணக்கில் பணம் வந்தாலும் போனாலும் அந்த நம்பருக்குத்தான் செய்தி வரும், அது அவரவர் நம்பராக இருப்பதுதான் நல்லது என்று மலையாளத்தில் பொறுமையாக விளக்கினாள்.

நல்லது சொன்னால் எனக்குக் காதில் ஏறுமா? "ஒரு சிம்முக்கு மாசாமாசம் ரீசார்ஜ் பண்றது யாரு, நீங்களா?" என்று கேட்டேன். பெண் என் நம்பரையே எழுதிக் கொண்டாள். என் பக்கத்தில் நின்றவள் என்னைக் கோயில் கோபுரத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

கணக்கு திறந்ததும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க என் போனிலிருந்து முதலில் ஒரு ரூபாய் அனுப்பினேன். எப்போதும் அப்படித்தான் செய்வேன். ஒரு எண் தப்பினால் பணம் யாரோ ஒருத்தர் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும், திரும்ப வாங்குவதற்குள் உயிர் போய்விடும். முதலில் ஒரு ரூபாய், பெயர் சரியாக வந்தால் மிச்சம்.

"ஒத்த ரூபாயா? மொய் வெக்கற மாதிரி இருக்குதுக்கா" என்று சிரித்தாள்.

ஒரு ரூபாய் போயிற்று என்று என் போன் கத்தியது. உடனே, ஒரு ரூபாய் வந்தது என்று மறுபடியும் என் போனே கத்தியது. கொடுத்தவளுக்கும் வாங்கினவளுக்கும் ஒரே போன். நாங்கள் இரண்டு பேரும் வங்கி வாசலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தோம்.

கார்டு தபாலில் என் வீட்டுக்கு வந்தது. ஏடிஎம்முக்குக் கூட்டிப் போய்ப் பாடம் நடத்தினேன். கார்டை எந்தப் பக்கமாகச் செருகுவது, ரகசிய எண்ணை அழுத்தும்போது இன்னொரு கையால் எப்படி மறைப்பது, பணம் எடுத்தபின் கார்டை மறக்காமல் எடுப்பது. அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. மெஷின் கார்டைத் திருப்பித் தந்தபோது, விட்டால் விழுங்கிவிடும் என்பது போல இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

"மெதுவா அம்மிணி, கார்டு கிழிஞ்சுறப் போகுது."

கடையில் கார்டு தேய்க்கவும் கற்றுக் கொடுத்தேன். பில்லில் எவ்வளவு, மெஷினில் எவ்வளவு என்று முதலில் பார், இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் எண்ணைப் போடு என்றேன். மகளுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கினாள். தங்கச்சிக்குப் பணம் அனுப்ப வங்கிச் சீட்டில் எப்படி எழுதுவது என்றும் சொல்லிக் கொடுத்தேன். கணக்கு எண்ணை எழுதி, திரும்ப ஒருமுறை எண் எண்ணாகச் சரிபார்க்க வேண்டும், கிளையின் குறியீட்டு எண்ணைத் தங்கச்சியின் பாஸ்புக்கில் பார்த்து எழுத வேண்டும். மூன்றாம் மாதம் நான் இல்லாமலே போய் அனுப்பிவிட்டு வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என் வீட்டுக்கு வந்து, சீல் போட்ட ரசீதைக் காட்டினாள். பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி முகம். எனக்கும் கண் கலங்கிவிட்டது. நான் நல்லது செய்தேன். அதுவரைக்கும் நல்லதுதான் செய்தேன்.

செய்திகள் வந்து கொண்டிருந்தன. முதலில் அழித்து விடுவேன். பிறகு, அழிப்பதற்கு முன் ஒரு பார்வை. பிறகு அழிப்பதையே விட்டுவிட்டேன். இவ்வளவு போனது, இவ்வளவு மிச்சம் என்று ஒவ்வொரு செய்தியின் கடைசியிலும் இருக்கும். காலையில் காபியோடு அதைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அவள் எப்போது எடுக்கிறாள், எங்கே எடுக்கிறாள், எவ்வளவு சேர்ந்திருக்கிறது, எல்லாம் எனக்குத் தெரியும். சேரச் சேர எனக்கு ஒரு சந்தோஷம். நானே சேர்த்தது போல.

ஒருநாள் மருந்துக்கடையில் கார்டு தேய்த்த செய்தி வந்தது. சாயங்காலம் அவளைப் பார்த்ததும், "என்ன அம்மிணி, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

திடுக்கிட்டாள். "உங்களுக்கு எப்பிடிக்கா தெரியும்?"

"எனக்குத் தெரியாம இங்க ஒரு இலை விழுமா?" என்று போனை ஆட்டிக் காட்டிச் சிரித்தேன்.

அவளும் சிரித்தாள், ஆனால் சட்டென்று நிறுத்திக் கொண்டாள். அதற்குப் பிறகு அவள் கடைகளில் கார்டு தேய்க்கவே இல்லை. ஏடிஎம்மில் மொத்தமாக எடுத்து ரொக்கமாகச் செலவு செய்தாள். அதையும் நான் செய்தியில்தான் கவனித்தேன். பாருங்கள் என் லட்சணத்தை. ஏன் அப்படிச் செய்கிறாள் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். மரமண்டை, யோசிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் மட்டும் ஒருமுறை கேட்டார். "அடுத்தவங்க கணக்க நீ எதுக்குப் புள்ள தினமும் பாக்கற?"

"நானா போய்ப் பாக்கறேன்? அதுவா வருது" என்றேன். அவர் வேப்பங்குச்சியோடு வெளியே போய்விட்டார்.

இந்த வருடம் அறுவடை உச்சத்தில் இருந்தபோது அது நடந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. வியாபாரி காலையில் ஒரு விலை சொல்லி மத்தியானம் வேறு விலை சொன்னார். காய் இறக்கி ஷெட்டில் குவிந்து கிடக்கிறது, லாரி வாசலில் நிற்கிறது, இனி அவர் சொன்னதுதான் விலை. எனக்கு வயிறு எரிந்தது. அந்த நேரம் பார்த்து அவள் புருஷன் தலையைச் சொறிந்து கொண்டு வந்து நின்றான்.

"அக்கா, ஒரு அட்வான்ஸ் வேணுங்க. பழைய பைக் ஒன்னு வருது. ராத்திரி தோப்ப சுத்தி வர சௌரியமா இருக்குங்க."

போன மாதம்தான் அட்வான்ஸ் வாங்கினான். அதற்கு முந்தின மாதமும். வியாபாரியிடம் காட்ட முடியாத கோபம் முழுவதும் பொங்கி இவன் தலையில் கொட்டியது.

"மாசாமாசம் கைய நீட்டிட்டு வந்து நிக்கறயே, வெக்கமா இல்ல? உன்ற பொண்டாட்டியப் பாரு! அவளும் உன்ற கூடத்தான் வேலை செய்யறா. முப்பத்தெட்டாயிரம் சேத்து வெச்சிருக்கறா. அவ கால்ல உழுந்து கும்பிட்டுப் போட்டு வா, அப்பறம் அட்வான்ஸ் பேசலாம்!"

லோடு ஏற்றுகிறவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் அவளைப் புகழ்ந்தேன் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அவன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கிட்டே வந்து மெதுவாகக் கேட்டான். "எவ்வளவுன்னு சொன்னீங்கக்கா?"

நான் திரும்பவும் சொன்னேன். தெளிவாக, தொகையைச் சொன்னேன். சொல்லிவிட்டு லாரிப் பக்கம் திரும்பி, "டேய், அந்தக் கிரேட்டைச் சாச்சு வெக்காத, காய் நசுங்கும்" என்று கத்தினேன்.

எப்போது உறைத்தது என்றால், சாயங்காலம் லாரி போனபின் முகம் கழுவும்போது. அட கெரகமே, சொல்லக் கூடாது என்றாளே! தண்ணீர் கையில் அப்படியே நின்றது. ஆனால் மனசு ஒரு சாமர்த்தியக்காரி. உடனே சமாதானம் சொன்னது. புருஷன் பொண்டாட்டிக்குள் எத்தனை நாளைக்கு மறைக்க முடியும், அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். நான் சொன்னதை அவன் பெரிதாக எடுத்திருக்க மாட்டான். போச்சாது, விடு.

மறுநாள் காலையில் அவள் ஷெட்டில் என் எதிரில் உட்கார்ந்து காய் பிரித்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கூடைதான். "அம்மிணி, நேத்து வாய் தவறிச் சொல்லிப் போட்டேன், கார்டை பத்திரமா வெச்சுக்கோ" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லியிருந்தால் கார்டை என்னிடமாவது கொடுத்து வைத்திருப்பாள். நான் சொல்லவில்லை. கோபத்தில் வாய் தவறியதைக்கூட நான் மன்னித்துக் கொள்வேன். அந்தக் காலையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என்ன செய்வது? ஊரையே பேசி ஜெயிக்கிற வாய், பேச வேண்டிய ஒரே இடத்தில் ஊமையாகிவிட்டது. அவளிடம் கெட்ட பெயர் வாங்கப் பயம், வேறென்ன.

சில நாள் கழித்துச் செய்திகள் வந்தன. ஒரே நாளில் பெரிய தொகை ஏடிஎம்மில் எடுக்கப்பட்டது. அடுத்த நாள் அதே தொகை. அதற்கடுத்த நாளும். நான்காம் நாள் மிச்சம் இருந்த எட்டாயிரத்தில் சில்லறை மட்டும் விட்டு எல்லாம் போனது.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? மகள் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள், இடம் பிடித்து வைக்க முன்பணம் கட்டச் சொல்லி ஒரு கல்லூரியில் கேட்டிருக்கிறார்கள் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். அதற்குத்தான் எடுக்கிறாள் என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டேன். "பாத்தீங்ளா, மகளக் காலேஜ்ல சேத்தீட்டா, கெட்டிக்காரி" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவள் பணம் முழுவதும் என் கண் முன்னால் போய்க் கொண்டிருந்தது, நான் காபி குடித்துக் கொண்டே மகிழ்ந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. அவன்தான். பழைய பைக், ஆனால் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தான். முன்னால் சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி. கையில் லட்டுப் பெட்டி.

"எடுத்துக்குங்கக்கா. மொதல்ல உங்களுக்குத்தான்."

"ஏது பணம்?" என்றேன்.

"அவளுதுதானுங்க. நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. மொதல்ல அந்த ரகசிய நம்பர சொல்லவே மாட்டேன்னுட்டா. நானும் சோறு தண்ணி தொடாம கெடந்தேன். ரெண்டாம் நாள் அழுதுட்டே சொல்லிட்டா. பொம்பள மனசுதானுங்களே." சிரித்தான். "அடுத்த சீசன்ல திருப்பிப் போட்டுடுவேங்க. உங்களுக்குத்தான்க்கா கும்பிடு போடணும்."

உண்மையாகவே கும்பிட்டான். லட்டை என் கையில் வைத்தான். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் நான் கெடவில்லை. கெட்டது இன்னொருத்தி. எனக்கு லட்டு கிடைத்தது.

செருப்புக்கூடப் போடாமல் தோப்புக்குள் நடந்தேன். சாய்ப்புக்கு வெளியே அவள் துணி துவைத்துக் கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்தாள்.

"அம்மிணி, நான்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்க்கா. அவரு சொன்னாரு."

"கோவத்துல வாய்ல வந்துருச்சு. உன்னைப் பெருமையாத்தான் சொன்னேன். அவனுக்குத் தெரியணும்னு நான் நெனைக்கவே இல்ல, சாமி சத்தியமா."

"நீங்க வேணும்னு சொல்லியிருக்க மாட்டீங்கன்னு தெரியும்க்கா."

திட்டியிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். என்னால் பதிலுக்குக் கத்தவாவது முடிந்திருக்கும். அவள் சட்டையைப் பிழிந்து கயிற்றில் போட்டாள்.

"எவ்வளவு போச்சோ அவ்வளவையும் நான் போட்டுடறேன். இன்னிக்கே. இப்பவே" என்று போனை எடுத்தேன்.

"வேண்டாம்க்கா."

"ஏன் வேண்டாம்? தப்புப் பண்ணினவ நான்."

"நீங்க போட்டாலும் அது உங்க போனுக்குத்தானக்கா வரும்?" என்றாள். குரலில் குத்தல் இல்லை. உள்ளதைச் சொன்னாள். "வாங்கிட்டா காலம்பூரா உங்க முன்னாடி கையக் கட்டிட்டு நிக்கணும். கூலி கூலியா இருக்கட்டும். எனக்கு ஒரே ஒரு ஒதவி பண்ணுங்க. அந்தக் கணக்குல இருந்து உங்க நம்பர எடுத்துடணும். பேங்குக்கு மட்டும் ஒருதரம் கூட வாங்க."

காலேஜில் நானே நேராகக் கட்டிவிடுகிறேன், பெயரை மட்டும் சொல் என்று இரண்டு மூன்று முறை கேட்டுப் பார்த்தேன். சொல்லவே இல்லை. முன்பணம் கட்டுகிற தேதி போய்விட்டது.

வங்கிக்குப் போனோம். அவள் ஒரு சின்ன பட்டன் போன் வாங்கியிருந்தாள், சொந்த சிம். அதே கவுண்டர், அதே பெண். என்னை அடையாளம் தெரிந்திருக்கும், ஆனால் நேராகப் படிவத்தை எடுத்தாள். நான் சொன்னேன் பார்த்தாயா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பழைய நம்பருக்கு ஒரு குறியீடு வரும், அதைச் சொன்னால் புது நம்பர் ஏறிவிடும் என்றாள். என் போன் சத்தம் கொடுத்தது. எண்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். அந்தப் பெண் தட்டினாள், முடிந்துவிட்டது.

வெளியே வந்ததும் அவள் நின்றாள். "அக்கா, பழசெல்லாம் உங்க போன்ல இருக்குதா?"

"இருக்குது."

"அழிச்சிடுங்கக்கா."

பஸ் ஸ்டாப்பில் நின்று அழித்தேன். அவள் என் தோளை ஒட்டி நின்று பார்த்தாள். கூலி வந்தது, தங்கச்சிக்குப் போனது, செருப்புக் கடை, மருந்துக் கடை, தீபாவளிக்கு எடுத்தது. கடைசி நான்கு செய்திகள் வந்தபோது நான் வேகமாக அழுத்தப் பார்த்தேன். அவள், "இருங்கக்கா" என்றாள். நான்கையும் நிதானமாகப் பார்த்தாள். பிறகு, "ம்" என்றாள். அழித்தேன்.

இப்போது அவள் கூலியைப் போட்டால் போனது என்று மட்டும் என் போன் சொல்கிறது. பிறகு என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியாது. தெரியக் கூடாததுதான். ஆனாலும் காலையில் காபி குடிக்கும்போது கை போனைத் தேடுகிறது, அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது. அவன் தினமும் என் வாசல் வழியாக வண்டியில் போகிறான். ஹாரன் அடித்து வணக்கம் வைக்கிறான்.

போன மாதம் மகள் வந்துவிட்டாள். பன்னிரண்டாவதில் நல்ல மார்க். இந்த வருடம் எங்கேயும் சேரவில்லை, பொள்ளாச்சியில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போய் வருகிறாள். அன்று எங்கள் வீட்டுக் கிணற்றடியில் குடம் நிறைத்துக் கொண்டிருந்தாள். தாயைப் போலவே முகம், பேச்சு மட்டும் படபடவென்று.

"நீங்கதானக்கா அம்மாவுக்கு பேங்க், ஏடிஎம் எல்லாம் சொல்லிக் குடுத்தீங்க? அம்மா எப்பவும் உங்களப் பத்திதான் சொல்லும்."

"என்ன சொல்லும்?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"நீங்க இல்லைன்னா அதுக்கு ஒன்னுமே தெரிஞ்சிருக்காதுன்னு. அப்பாவுக்கு வண்டி வேணும்னு எங் காலேஜ் பீஸ எடுத்துக் குடுத்துடுச்சாம். எனக்குக் கோவம்தான் அம்மா மேல. ரெண்டு நாள் பேசவே இல்ல. பரவால்ல, அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

பழியைத் தானே ஏற்றுக் கொண்டிருக்கிறாள். மகளிடம்கூட என் பெயரைச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உன் அம்மா கொடுக்கவில்லை சாமி, நான்தான் கெடுத்தேன் என்று. வாய் வரைக்கும் வந்தது. இப்போது இவளும் என்னை வெறுத்துவிட்டால் என்ற பயம் திரும்பவும் வந்து உட்கார்ந்து கொண்டது.

"அம்மா திரும்பச் சேக்குதா?" என்று மட்டும் கேட்டேன்.

"சேக்குதுக்கா. ஆனா எவ்வளவுன்னு கேட்டா என்கிட்டகூட சொல்ல மாட்டேங்குது. நான் நீ பெத்த பொண்ணுதானேம்மான்னு கேட்டேன். யாருகிட்டயும் சொல்றதில்லன்னு போனத் திருப்பி வெச்சிக்கிச்சு."

குடத்தை இடுப்பில் ஏற்றிக் கொண்டு சிரித்தபடியே போனாள். நான் கிணற்றுச் சுவரைப் பிடித்துக் கொண்டு நின்றேன். பெற்ற மகளைக்கூட நம்ப முடியாதபடி அவளை ஆக்கியது நான்தான்.